கல்லீரலை ஒலியால் தள்ளி அளப்பது: இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு எண் வந்தது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு ஃபேட்டி லிவர். ஓர் ஸ்கேன் சென்டரில் வழக்கமான அல்ட்ராசவுண்ட் மெஷினிலேயே எலாஸ்டோகிராபி (கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளப்பது) எடுத்து, விநாடிக்கு 1.58 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே 'டொக் டொக்' என்று தட்டும் கருவியில் 9.1 கிலோபாஸ்கல் (விறைப்பைச் சொல்லும் அலகு) வந்தது. இதில் எது சரி, ஒலியால் உண்மையிலேயே உடம்புக்குள் இருக்கும் ஒன்றைத் தள்ள முடியுமா, 'கதிர்வீச்சு விசை' என்று எங்கேயோ படித்தது ஆபத்தா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: மூன்று மாதத்தில் நோய் முற்றிவிட்டதா? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது என்பதே என் பதில். ஏன் என்று சொல்ல, கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. அல்ட்ராசவுண்ட் கருவிகளின் அளவீட்டுப் பக்கத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவன். விறைப்பு முன்கூட்டியே தெரிந்த ஜெல் கட்டிகளை (நாங்கள் ஃபேன்டம் என்போம்) ப்ரோபுக்கு (ஸ்கேனில் உடம்பின் மேல் வைக்கும் பாகம்) அடியில் வைத்து, மெஷின் காட்டும் எண் நம்பத்தக்கதா என்று பார்ப்பது என் பிழைப்பு. எனவே எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே தடுமாறும் என்பதுவரை உறுதியாகப் பேசலாம். அப்பாவுக்கு என்ன மருந்து, பயாப்சி வேண்டுமா என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது.

ஒலி தள்ளுமா என்றால், தள்ளும். ஒலி அலை ஆற்றலைச் சுமந்து போவதைப் போலவே உந்தத்தையும் சுமந்து போகிறது. ரேலீ பிரபு 1902-லேயே அதிர்வுகளின் அழுத்தம் பற்றிக் கணக்கு எழுதியிருக்கிறார். அலை ஒரு பொருளுக்குள் போகப் போக உட்கவரப்பட்டு வலு குறைகிறது. குறைந்த ஆற்றல் வெப்பமாகிறது, குறைந்த உந்தம் அந்த இடத்தை அலை போகும் திசையில் தள்ளுகிறது. நீங்கள் படித்த 'கதிர்வீச்சு விசை' இந்தத் தள்ளல்தான். ஒரு கன அளவின் மேல் விழும் விசையை எடுப்பது எளிது: உட்கவர்தல் குணகத்தை ஒலிச் செறிவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒலியின் வேகத்தால் வகுக்க வேண்டும். திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு உட்கவர்தல் சென்டிமீட்டருக்கு ஒன்றரை டெசிபெல் என்றும், குவியும் இடத்தில் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 1000 வாட் என்றும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மில்லிமீட்டர் திசுவின் மேல் ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடைக்குச் சமமான விசை விழும். அந்தத் துண்டின் சொந்த எடை ஒரு மில்லிகிராம்தான். அதாவது, அதன் எடையைப் போல இருபது மடங்கு விசை, அதுவும் சுற்றியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஊசிமுனை போன்ற ஓர் இடத்தில் மட்டும்.

1000 வாட் என்றதும் பயப்பட வேண்டாம், அது எவ்வளவு நேரத்துக்கு என்பதே முக்கியம். சாதாரணப் படத்துக்கு அனுப்பும் ஒலித்துடிப்பு ஒரு மைக்ரோவிநாடி அளவில் முடிந்துவிடும், ஓரிரண்டு அலைதான் அதில் இருக்கும். தள்ளுவதற்கான துடிப்பில் நூற்றுக்கணக்கான அலைகள் வரிசையாக இருக்கும், ஆனாலும் ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். அந்தத் தள்ளலில் திசு நகரும் தூரம் பொதுவாக 10 மைக்ரோமீட்டர் அளவு, தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் அப்பாவுக்கு முதல் இடத்தில் எதுவும் உறைக்காமல், இரண்டாம் இடத்தில் தட்டியது மட்டும் உறைத்தது இதனால்தான்.

சரி, ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தள்ள வேண்டும்? சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்திலேயே விறைப்பு தெரியாதா? தெரியாது. படம் எடுக்கும் ஒலி ஒரு நெட்டலை, திசுவை அமுக்கி அமுக்கிப் போவது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பருமக் குணகம், அதாவது எல்லாப் பக்கமும் அமுக்கினால் பொருள் எவ்வளவு சுருங்கும் என்பது. நம் மென்திசுக்கள் எல்லாம் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்போ கல்லீரலோ கட்டியோ, அந்தக் குணகம் எல்லாவற்றிலும் 2 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கும். விரலால் அழுத்திப் பார்க்கும் டாக்டரின் கைக்குத் தெரிவது வேறு குணகம், திசுவின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் நழுவுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. அது கிலோபாஸ்கல் அளவில் இருப்பது, திசுவுக்குத் திசு பல மடங்கு மாறுவது. அந்த நழுவலால் பரவுவது குறுக்கலை. ரிப்போர்ட்டில் 'ஷியர் வேவ்' என்று பார்த்திருப்பீர்கள், இதுதான். மென்திசுவில் இது விநாடிக்கு 1 முதல் 10 மீட்டர் வேகத்தில்தான் போகும். ஒலி 1540 மீட்டர் ஓடும் நேரத்தில் இது ஒன்றிரண்டு மீட்டர் நடக்கிறது.

இந்த முறையின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்றைத் தள்ளி அது எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் விறைப்பு தெரியும் என்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. சுகிமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் 1990-இல் ஒலியின் தள்ளலை வைத்து அதைச் செய்து பார்த்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் காத்ரின் நைட்டிங்கேல், கிரெக் டிரேஹி குழு 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அதை மனித உடம்பில் படமாகவே எடுத்துக் காட்டியது. ஆனால் அதில் ஒரு சிக்கல். தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த விசை எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒல்லியானவரில் நிறைய போய்ச் சேரும், பருமனானவரில் குறைவாகச் சேரும். விசை தெரியாமல் நகர்வை மட்டும் அளந்தால், பக்கத்து இடத்தைவிட இது இறுக்கம் என்று சொல்லலாம், கிலோபாஸ்கல் சொல்ல முடியாது. வழி காட்டியவர்களில் முக்கியமானவர் அர்மென் சர்வஸ்யான். தள்ளிய இடத்தைப் பார்க்காதே, அங்கிருந்து பக்கவாட்டில் கிளம்பிப் போகும் குறுக்கலையின் வேகத்தைப் பார் என்பதுதான் அவர் குழு 1998-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். அலையின் உயரம் தள்ளிய விசையைப் பொறுத்தது. வேகம் அப்படி இல்லை, அது போகும் பாதையின் விறைப்பைப் பொறுத்தது. ஆக, எவ்வளவு விசை கொடுத்தோம் என்று தெரியாமலே விறைப்பை அளந்துவிடலாம். நான் இந்தத் துறைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வேகத்தைப் பார்ப்பதும் லேசான காரியம் இல்லை. 2 மீட்டர் வேகத்தில் போகும் அலை ஒரு சென்டிமீட்டரை 5 மில்லிவிநாடியில் கடந்துவிடும். சற்றுத் தூரம் போனதும் மங்கி மறைந்தும்விடும். விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண ஸ்கேனில் இரண்டு படத்துக்கு நடுவே 33 மில்லிவிநாடி இடைவெளி, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்குப் பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க், மிக்கேல் டான்டே, ஜெரெமி பெர்கோஃப் ஆகியோர் கண்ட வழி, ஒலியைக் குவிக்காமல் அகலமாக ஒரே வீச்சில் அனுப்பி விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுப்பது. கூடவே தள்ளலை அடுத்தடுத்த ஆழங்களில், குறுக்கலையின் வேகத்தை மிஞ்சும் வேகத்தில் கொடுத்தார்கள். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் பின்னால் கூம்பு வடிவ அலை உண்டாவதைப் போலவே திசுவுக்குள்ளும் கூம்பு உண்டானது, அலைக்கு வலு கூடியது. 2004-இல் அது கட்டுரையாக வந்தது. பிறகு அதிலிருந்து ஒரு நிறுவனமே பிறந்தது. சீமென்ஸும் 2008 வாக்கில் தன் மெஷினில் ஒரு புள்ளியில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றின் மெஷின்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். மெஷின் நேரடியாக அளப்பது நேரம். இந்த இடத்துக்கும் 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் அந்த இடத்துக்கும் அலை வந்து சேர இரண்டரை மில்லிவிநாடி வித்தியாசம் என்றால் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர். இதுவரை அளவீடு. கிலோபாஸ்கல் என்பது இதற்குப் பிறகு போடும் கணக்கு: வேகத்தின் வர்க்கத்தைத் திசுவின் அடர்த்தியால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் யங் குணகம், ரிப்போர்ட்டில் விறைப்பு என்று எழுதும் எண். அடர்த்தியைத் தண்ணீரைப் போல வைத்துக்கொண்டால், வேகத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினாலே கிலோபாஸ்கல் வந்துவிடும். அப்பாவின் 1.58-ஐ இப்படிப் போட்டால் 7.5 கிலோபாஸ்கல். இரண்டாவது ரிப்போர்ட்டின் 9.1-ஐத் திருப்பிப் போட்டால் விநாடிக்கு 1.74 மீட்டர். வேகத்தில் பார்த்தால் 10 சதவீத வித்தியாசம். வர்க்கம் எடுப்பதால் அதே வித்தியாசம் கிலோபாஸ்கலில் 21 சதவீதமாகத் தெரிகிறது. பாதிப் பயம் இந்த வர்க்கத்தால் வந்ததுதான்.

அந்தக் கணக்குக்குள் சில அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. திசு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, எல்லா இடத்திலும் ஒரே சீரானது, பாகுநிலை (தேன்போல் இழுபடும் தன்மை) இல்லாத முழு மீள்பொருள், அலைநீளத்தைவிட மிகப் பெரியது என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். கல்லீரலுக்கு முதலிரண்டு பரவாயில்லை. தசைக்குப் பொருந்தவே பொருந்தாது, நார்களின் திசையில் அலை வேகமாகப் போகும், குறுக்கே மெதுவாகப் போகும், ப்ரோபைத் திருப்பினாலே எண் மாறும். தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற மெல்லிய பொருட்களில் அலை இரண்டு பரப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டு போவதால் தடிமனும் கணக்கில் வந்துவிடும். அங்கே கிலோபாஸ்கல் எழுதியிருந்தால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாகுநிலை கல்லீரலிலும் விளையாடும், அதோடுதான் உங்கள் இரண்டாவது கருவி சம்பந்தப்படுகிறது. தட்டும் கருவி ஃபைப்ரோஸ்கேனாகத்தான் இருக்கும். அதில் ஒலிக் கதிர்வீச்சு விசை கிடையாது. ப்ரோபின் நுனியே ஒரு சிறு உந்துகோல்போல 50 ஹெர்ட்ஸ் அதிர்வாக விலா இடுக்கில் தட்டுகிறது. தட்டியதால் உள்ளே போகும் குறுக்கலையை அல்ட்ராசவுண்ட் பின்தொடர்ந்து வேகம் எடுக்கிறது. ஒலியால் தள்ளும் முறையில் பிறக்கும் குறுக்கலையிலோ நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். பாகுநிலை உள்ள பொருளில் அதிர்வெண் கூடக்கூட வேகமும் கூடும். பாடப்புத்தகப்படி ஒலியால் தள்ளும் மெஷினில்தான் எண் அதிகம் வர வேண்டும், உங்களுக்கு நேர்மாறாக வந்திருக்கிறது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நடைமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் அலையை எந்த இடத்தில் தேடுகிறது, எப்படி வடிகட்டுகிறது, எந்தப் புள்ளியை அலை வந்து சேர்ந்த நேரமாக எடுக்கிறது என்பதெல்லாம் வேறு வேறு. சீமென்ஸின் புள்ளி முறையை வைத்து வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதில் சிரோசிஸுக்கான (கல்லீரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கும் கடைசி நிலை) வெட்டுப்புள்ளி விநாடிக்கு 1.80 மீட்டர், அதற்கு முந்தைய படியான தீவிர ஃபைப்ரோசிஸுக்கு (கல்லீரலில் நார்த்தழும்பு படிவது) 1.55. சூத்திரத்தில் 1.80-ஐப் போட்டால் 9.7 கிலோபாஸ்கல்தான் வரும். ஃபைப்ரோஸ்கேனில் அதே சிரோசிஸுக்கு வைக்கும் கோடு 12, 13 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஒரே நோய்நிலைக்கு இரண்டு கருவி இரண்டு கோடு வைத்திருக்கும்போது, ஒன்றின் எண்ணை மற்றதன் கோட்டில் வைத்துப் பார்ப்பது தப்பு. உங்கள் முதல் மெஷின் அந்த வகையாக இருந்தால், 1.58-உம் 9.1-உம் ஒரே கதையைச் சொல்வதாகக்கூட இருக்கலாம். எந்த மெஷின் என்று தெரியாமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இதே மாதிரி இன்னொரு பொறி, நாளைக்கு யாராவது எம்.ஆர். எலாஸ்டோகிராபி (எம்.ஆர்.ஐ. மெஷினில் எடுப்பது) எழுதிக் கொடுத்தால் தேவைப்படும். அதிலும் கிலோபாஸ்கல்தான் வரும், ஆனால் அது நழுவலுக்கான குணகம் (ஷியர் மாடுலஸ்), மூன்றால் பெருக்காதது. அங்கே 3 கிலோபாஸ்கல் என்பதைப் பார்த்து, அல்ட்ராசவுண்டில் 9 இருந்தது குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அப்புறம், ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டில் மீட்டருக்கு இத்தனை டெசிபெல் என்று முந்நூறு அளவில் இன்னொரு எண் இருக்கும். அது கொழுப்பைக் குறிப்பது, விறைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒலியால் தள்ளும் மெஷின்களுக்குப் பொதுவாக இன்று பலரும் பின்பற்றுவது அமெரிக்காவின் 'அல்ட்ராசவுண்ட் ரேடியாலஜிஸ்ட்கள் சங்கம்' 2020-இல் புதுப்பித்த வரையறை. 5 கிலோபாஸ்கல் அல்லது அதற்குக் கீழ் என்றால் இயல்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 9-க்குக் கீழே என்றால், வேறு அறிகுறி எதுவும் இல்லாத பட்சத்தில், முற்றிய நாட்பட்ட கல்லீரல் நோய் இல்லை எனலாம். 9-இலிருந்து 13 வரை சந்தேகம், மேற்கொண்டு சோதிக்க வேண்டும். 13-க்கு மேல் அந்த நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 17-க்கு மேல் போனால் போர்ட்டல் ரத்த அழுத்தம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையில் இருக்கும் அழுத்தம்) கூடியிருக்கலாம். நான்கு நான்காக ஏறுவதால் நினைவில் வைப்பது சுலபம். ஃபேட்டி லிவர்காரர்களுக்கு இந்தக் கோடுகள் இன்னும் கீழே இருக்கலாம் என்று அவர்களே ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார்கள். ஃபைப்ரோஸ்கேனுக்கு ஃபேட்டி லிவரில் 8-க்குக் கீழே அபாயம் குறைவு, 12-க்கு மேல் அதிகம், நடுவே சாம்பல் பகுதி என்று பிரிப்பது வழக்கம். அப்பாவின் 9.1 அந்த நடுப்பகுதியில் விழுகிறது. அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம், அலறவும் வேண்டாம்.

இன்னொன்று, கல்லீரல் விறைப்பது ஃபைப்ரோசிஸால் மட்டும் இல்லை. சாப்பிட்டதும் குடலிலிருந்து வரும் ரத்த ஓட்டம் கூடுவதால் எண் ஏறும், அதனால்தான் நான்கு மணி நேரம் வெறும் வயிறு கேட்கிறார்கள். ஹெபடைடிஸ் கடுமையாக இருக்கும்போது வீக்கத்தால் ஏறும். இதயம் பலவீனமாகி ரத்தம் கல்லீரலில் தேங்கினால் ஏறும். பித்தநாளம் அடைத்தாலும் ஏறும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் ஏறும், இயல்பாக விட்டு நிறுத்த வேண்டும். ப்ரோபை எங்கே வைக்கிறார்கள் என்பதும் உண்டு. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விலா இடுக்கு வழியாக, கல்லீரலின் உறைக்கு ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே எடுக்க வேண்டும். உறையை ஒட்டி எடுத்தால் எதிரொலிகள் குழப்பும். ப்ரோபிலிருந்து 4, 5 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் தள்ளல் நன்றாக வேலை செய்யும், ஆழம் போகப் போக அலை இரைச்சலில் கரைந்துவிடும். அவசரத்தில் இடது மடலில் எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே இதயத்துடிப்பே கல்லீரலை ஆட்டிக்கொண்டிருக்கும், வரும் எண்ணில் பாதி இதயத்தின் வேலை.

இவ்வளவு இருந்தும் ஏன் இதை விடாமல் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மாற்று பயாப்சி. அதில் எடுக்கும் இழை முழுக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், வலியும் ரத்தக்கசிவு அபாயமும் தனி. நல்ல நிலையில் ஒழுங்காக எடுத்த எலாஸ்டோகிராபி, ஒன்றுமில்லை என்பதையும் நன்றாக முற்றிவிட்டது என்பதையும் நம்பகமாகப் பிரிக்கும். நடுவில் இருக்கும் படிகளைப் பிரிப்பதில்தான் அது தடுமாறும். மார்பகக் கட்டிகளிலும் அப்படியே. 2012-இல் வெளிவந்த, 939 கட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், வழக்கமான அல்ட்ராசவுண்டோடு குறுக்கலை விறைப்பையும் சேர்த்தால் தேவையில்லாத பயாப்சிகளைக் குறைக்கலாம் என்று கண்டார்கள். ஆனால் மென்மையான புற்றுநோயும் உண்டு, கெட்டியான சாதுக் கட்டியும் உண்டு. ப்ரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே மார்பகத்தில் எண் ஏறிவிடும்.

ஆபத்து பற்றி. 'கதிர்வீச்சு விசை' என்பதில் எக்ஸ்ரே போன்ற எதுவும் இல்லை, அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் ஒலிக்குக் கிடையாது. கவனிக்க வேண்டியவை இரண்டு: சூடும் குமிழியும். சாதாரண ஸ்கேனுக்கு இருக்கும் அதே அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பு) வரம்புகளுக்குள்தான் இந்த மெஷின்களும் இயங்குகின்றன. குமிழி அபாயத்தைக் காட்டும் இயந்திரக் குறியீடு 1.9-ஐத் தாண்டக் கூடாது, சராசரிச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஓர் அளவீட்டில் மென்திசு சூடாவது ஒரு டிகிரிக்கும் கீழே என்பதே பொதுவான கணிப்பு. ஓர் அளவு எடுத்ததும் மெஷின் சில விநாடி உறைந்து நிற்பதைக் கவனித்திருந்தால், அது உடம்புக்காகவும் ப்ரோப் சூடாகாமல் இருப்பதற்காகவும் வைத்த ஓய்வு. எலும்பு ஒலியை அதிகம் உட்கவர்வதால் அங்கே சூடு கூடும். குமிழியுள்ள கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியவருக்கு எச்சரிக்கை தேவை. கண்ணுக்கு அந்த இயந்திரக் குறியீட்டின் வரம்பு 0.23-தான், எனவே கல்லீரலுக்கான தள்ளலை அங்கே வைக்கவே கூடாது. கருவில் இருக்கும் குழந்தை மேல் இதைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன், அதற்குத் தெளிவான மருத்துவக் காரணம் இருந்தால் தவிர. உங்கள் அப்பாவுக்குக் கல்லீரலில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஒலியால் தள்ளும் முறைக்கு ஓர் அனுகூலமும் உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஃபைப்ரோஸ்கேன் வேலை செய்யாது, ஏனென்றால் வெளியே தட்டிப் பிறக்கும் குறுக்கலை தண்ணீருக்குள் போகாது. ஒலி நெட்டலை, தண்ணீரைச் சுலபமாகக் கடந்து கல்லீரலுக்குள் போய் அங்கேயே குறுக்கலையைப் பிறப்பிக்கும். கூடவே, எங்கே அளக்கிறோம் என்பதைப் படத்தில் பார்த்துக்கொண்டே, பெரிய ரத்தக்குழாயைத் தவிர்த்து எடுக்கலாம். ஃபைப்ரோஸ்கேனின் பலம் வேறு: பல வருடமாக ஒரே மாதிரி கருவி, அதனால் அதை வைத்து வந்த ஆய்வுகள் ஏராளம், டாக்டர்களுக்கு அதன் எண்கள் மனப்பாடம். எந்தக் கருவி நல்லது என்று என்னைக் கேட்டால், மறுபடி மறுபடி போய் எடுக்க உங்களுக்கு எது வசதியோ அது.

அடுத்த முறை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இனி எப்போதும் அதே மெஷினில் எடுங்கள், காலையில் வெறும் வயிற்றில். ரிப்போர்ட்டில் எத்தனை அளவுகள் எடுத்தார்கள், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) என்ன, ஐக்யூஆர்/மீடியன் (அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற விகிதம்) எவ்வளவு என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். புள்ளி முறையிலும் ஃபைப்ரோஸ்கேனிலும் பத்து அளவுகள் எடுப்பது முறை, வண்ணப்படம் காட்டும் முறையில் ஐந்து போதும். அந்த விகிதம் கிலோபாஸ்கலில் 30 சதவீதத்துக்குள், மீட்டர் கணக்கில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தால், அல்லது எழுதவே இல்லை என்றால், அந்த எண்ணை வைத்து வாதாட வேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்லலாம். உங்கள் இரண்டு பழைய ரிப்போர்ட்டிலும் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மெஷினின் பெயரோடு சேர்த்து இங்கே எழுதுங்கள், இன்னும் கொஞ்சம் திட்டவட்டமாகச் சொல்ல முடியும். அப்பாவின் பெயர், ஊர் எல்லாம் வேண்டாம்.

இடையில், ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. (கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கை இருந்தால், வயதையும் சேர்த்து ஃபிப்-4 என்ற குறியீட்டை டாக்டர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். 1.3-க்குக் கீழே (65 வயதைத் தாண்டியவருக்கு 2-க்குக் கீழே) வந்தால் முற்றிய ஃபைப்ரோசிஸுக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் வந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். 9.1 போன்ற நடுப்பகுதி எண்ணுக்கு, அலை எதுவும் சம்பந்தப்படாத இந்த இரண்டாவது சாட்சியைக் கேட்டுப் பார்ப்பது, மூன்றாவதாக இன்னொரு ஸ்கேன் சென்டருக்கு ஓடுவதைவிட உபயோகமானது.